கோவில்பட்டி லட்சுமியும் குல்பர்கா கண்ணனும்

மும்பையில் இரவு கிளம்பும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், மறுநாள் விடியும் நேரத்தில் கல்புர்கியில் நிற்கும். குல்பர்கா என்றால்தான் எங்கள் வீட்டில் பழைய ஆட்களுக்குப் புரியும். அதற்கும் அடுத்த நாள் காலையில் கோவில்பட்டி வந்துவிடும். கடலைமிட்டாய்ப் பொட்டலங்களோடு ஜன்னல் ஓரமாகக் கைகள் நீளும். இந்தத் தடத்தில் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். ஆனால், எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களை வரைந்தவர்களின் ஊர்கள் ஒரே ரயிலின் இரண்டு நிறுத்தங்கள் என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா 1958-இல் கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாராவிக்கு வந்தவர். தோல் கிடங்கில் வேலை. நாங்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. அதற்குள்ளேயே சமையல், அதற்கு மேலே பரண். அவ்வளவு சிறிய வீட்டில் எதற்கும் இடம் இருக்காது, சாமி படத்துக்கு மட்டும் எப்படியோ இடம் வந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்கள் கருப்பட்டியும் சேவும் கொண்டுவருவதைப் போலவே மார்கழி முடிவில் காலண்டரும் கொண்டுவருவார்கள். சுருட்டி, செய்தித்தாள் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, ரயிலில் நசுங்காமல் மேல் பலகையில் தனியாக வைத்துக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். மேலும் கீழும் தகரப் பட்டை அடித்த பெரிய தாள். நடுவில் சாமி. சாமியின் காலடியில் மளிகைக்கடையின் பெயரும் ஒரு சிறிய தேதிக் கட்டும். டிசம்பரில் தேதித்தாள் தீர்ந்துபோகும், படம் தீராது. அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டுவிடுவார்கள்.

அப்படிக் கண்ணாடி போட்ட படம்தான் எங்கள் லட்சுமி. தாமரைமேல் நேராக நிற்பவள். இரு பக்கமும் யானை. அம்மா அவளைக் கிழக்குப் பார்த்த சுவரில் வைத்து, தினமும் விளக்கேற்றிக் கும்பிடுவார். இன்னொரு படம் ராதாகிருஷ்ணன். அப்பாவின் முதலாளி கொடுத்த காலண்டர், மும்பையில் கிடைத்தது. இரவு, நீலம், நிலவு வெளிச்சம் தோளில் வழுக்கி விழுகிறது. இந்தப் படம் அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே தொங்கியது. அழகில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் சிறுவயதுத் தீர்ப்பு. ஒருநாள் அம்மாவிடம், இந்தச் சாமிக்கு ஏன் விளக்கு வைப்பதில்லை என்று கேட்டேன். தைப்பதை நிறுத்தாமலே அவர் சொன்னார்: “அந்தச் சாமி நம்மைப் பார்க்கவில்லையே ஐயா. அவர்கள் இரண்டு பேரும் அவர்கள்பாட்டுக்கு இருக்கிறார்கள். நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?”

காலண்டர் ஓவியங்களைப் பற்றி அதன்பிறகு நிறையப் படித்துவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

லட்சுமியை வரைந்தவர் சி. கொண்டையராஜு. ராதாகிருஷ்ணனை வரைந்தவர் எஸ்.எம். பண்டிட். இரண்டாம் உலகப் போர் முடிந்து, நாடு விடுதலை பெற்று, அச்சுக்கூடங்கள் பெருகிய அந்த இருபத்தைந்து ஆண்டுகளில், இந்தியச் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர்களில் இவர்கள் இருவரும் முக்கியமானவர்கள். இருவருக்கும் முன்னால் ரவிவர்மா இருக்கிறார். அவர் 1894-இல் இதே பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் தெய்வங்களை வீடுகளுக்கு அனுப்பினார். அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் மளவ்லிக்குப் போனது. அவர் போட்ட பாதையில்தான் இருவரும் நடந்தார்கள். ஆனால் ஒருவர் நாடகக் கொட்டகை வழியாக வந்தார், மற்றவர் சினிமாத் தியேட்டர் வழியாக வந்தார். வித்தியாசம் முழுவதும் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொண்டையராஜு 1898-இல் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சென்று திரைச்சீலைகள் எழுதினார். அந்தக் காலத்துக் கம்பெனி நாடகத்தில் ‘சீன்’ என்பது பெரிய விஷயம். தர்பார் சீன், காட்டு சீன், கோவில் சீன் என்று ஒவ்வொன்றும் சுருட்டி இறக்கும் படுதா. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் காடு காடாகத் தெரிய வேண்டும். கியாஸ் விளக்கில் நிறம் செத்துவிடக் கூடாது. 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டி வந்த அவர் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்று ஒரு போட்டோ ஸ்டுடியோ நடந்தது. அவரைச் சுற்றிச் சீடர்கள் சேர்ந்தார்கள். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று அந்த வட்டத்திலிருந்து வந்தவர்களின் பெயர்களைக் காலண்டர்களின் ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். 1976-இல் காலமானார்.

பக்கத்திலேயே சிவகாசி. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தவர்களால் அந்த ஊர் தலையெடுத்தது. தீப்பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். வானம் பார்த்த பூமி. மழைக்குப் பயந்து மையும் தாளும் காய்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. லேபிள் அடித்துக் கைதேர்ந்த ஊர், காலண்டருக்கு வந்தபோது, கண்ணைப் பறிக்கும் நிறத்துக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. சிங்கம், மயில், ரோஜாப்பூ என்று இரண்டு அங்குலத்துக்குள் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி அடித்தவர்கள் அவர்கள். கொண்டையராஜுவின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் அவர்கள் கைக்கு அந்நியமாக இருந்திருக்காது.

இப்போது படத்தைப் பாருங்கள். எங்கள் லட்சுமி நேராக நிற்கிறாள். மூக்குத்தியின் ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒட்டியாணம், வங்கி, காசுமாலை, ஜடைநாகம் எதுவும் நிழலுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இல்லை. எங்கிருந்தும் வரவில்லை, அவள் மேலேயே இருக்கிறது. கோவிலில் அலங்காரம் முடிந்து, திரை விலகி, தீபாராதனை காட்டும் அந்தக் கணத்தை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார். நாடகத்திலும் திரை விலகும், கர்ப்பக்கிருகத்திலும் திரை விலகும். இரண்டையும் பார்த்த கண் அது.

மீனாட்சி கல்யாணம் அவருடைய புகழ்பெற்ற படம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த போட்டோ ஸ்டுடியோ ஞாபகம் வரும். அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார், மாப்பிள்ளை வாங்கிக்கொள்கிறார். ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்ப வேண்டிய காட்சி. ஆனாலும் அவர்கள் நம்மைவிட்டுத் திரும்பிப் போய்விடவில்லை. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், தாரை வார்க்கும் நேரத்தில் போட்டோக்காரர் “கொஞ்சம் இப்படிப் பாருங்கள்” என்று சொல்ல, எல்லோரும் கையை அங்கேயே வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்போமே, அதே நிலை. கடவுள் கல்யாணத்தைச் சொந்தக்காரர் கல்யாணமாக்கிவிட்டார். தென் மாவட்டத்தில் அந்தப் படத்தை மாட்டாத வீடு எங்கள் உறவில் இல்லை.

பண்டிட்டிடம் போனால் காற்றே வேறு. 1916-இல் குல்பர்காவில் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர். எலும்பும் தசையும் எப்படி ஓடுகின்றன, தோள் திரும்பினால் கழுத்து நரம்பு எங்கே புடைக்கும் என்று ஆளை நிற்க வைத்து வரையப் பழக்கும் படிப்பு அது. பம்பாயின் தோபி தலாவ் பகுதியில் மெட்ரோ தியேட்டர் 1938-இல் திறந்தது. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனம் கட்டியது. அந்த நிறுவனத்தின் படங்களுக்கு பண்டிட் ஷோகார்டு வரைந்தார். ஷோகார்டு என்பது தியேட்டர் முகப்புக் கூடத்தில் வைக்கும் அட்டை. தெருவில் நிற்கும் பேனரைப் போல நூறு அடிக்கு அப்பாலிருந்து கூப்பிடத் தேவையில்லை. டிக்கெட் வாங்கிக் காத்திருப்பவர் இரண்டடி தூரத்தில் நின்று பார்ப்பார். முகத்தின் நுணுக்கம், கண் ஓரத்து ஈரம், பட்டுத்துணியின் மடிப்பு எல்லாம் அங்கே எடுபடும்.

அவர் கையாண்டது போஸ்டர் கலர். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் வைத்திருந்த அதே கண்ணாடிக் குப்பி நிறம்தான், ஆனால் இரக்கம் இல்லாத ஊடகம். எண்ணெய் வண்ணம் நாளைக்கும் ஈரமாக இருக்கும், தேய்க்கலாம், திருத்தலாம். போஸ்டர் கலர் நிமிடங்களில் உலரும். மேலே இன்னொரு தடவை ஈரத் தூரிகை பட்டால் அடி நிறம் கரைந்து எழுந்து வந்து எல்லாவற்றையும் சேறாக்கும். எங்கே நிழல், எங்கே வெளிச்சம், இரண்டும் எங்கே உருகிச் சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே மனத்தில் முடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பளபளப்பு இல்லாமல், பொடி பூசியதுபோல் காயும் அந்த நிறத்தில் பண்டிட் நிலவொளியைக் கொண்டுவந்தார். அவர் படங்களில் வெளிச்சத்துக்கு ஒரு திசை இருக்கிறது. பின்னாலிருந்து கூந்தல் விளிம்பில் ஒரு வெள்ளிக்கோடு, பக்கத்திலிருந்து கன்னத்தில் ஒரு நீலம். ஸ்டூடியோவில் கதாநாயகிக்குப் பின்னால் விளக்கு வைப்பார்களே, அந்த விளக்கு ராதைக்கும் மேனகைக்கும் கிடைத்தது. கொண்டையராஜு தெய்வத்தைக் கோவிலில் நிறுத்தினார் என்றால், பண்டிட் தெய்வத்தைக் கதைக்குள் விட்டார். அங்கே அவர்களுக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு பருவம் உண்டு, இன்னும் நடக்காத அடுத்த நிமிடம் ஒன்று உண்டு.

அம்மா கண்டது அதைத்தான்.

இருவரில் யார் பெரியவர் என்று என்னிடம் கேட்டால் இன்றைக்கும் தடுமாறுவேன். தூரிகைத் திறமை பண்டிட்டிடம்தான் கூடுதல். இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. அவர் பீமனைப் போட்டால் பீமன் நடந்துபோன மண் அதிர்வது தெரியும். கொண்டையராஜு வட்டத்து முகங்கள் ஒன்றுபோல இருக்கும். லட்சுமியின் முகத்தை எடுத்துச் சரஸ்வதிக்கு வைத்தால் பொருந்திவிடும். ஆனால் பண்டிட்டின் பெண்களிடம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தமயந்தியும் ராதையும் யாரோ பார்ப்பதற்காக நிற்கிறார்கள். அந்த யாரோ, டிக்கெட் வாங்கிக் காத்திருக்கும் ஆண். கொண்டையராஜுவின் லட்சுமியை அப்படிப் பார்க்கவே முடியாது. நாம் பார்க்கத் தொடங்கும் முன்பே அவள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் உண்டியலிலிருந்து நாலணா எடுத்தபோது அறையின் எந்த மூலைக்குப் போனாலும் அந்தக் கண் வந்தது. திருப்பி வைத்துவிட்டேன்.

இதே பம்பாயில் 1947-இல் நவீன ஓவியர்கள் சேர்ந்த முற்போக்கு ஓவியர் குழு தோன்றியது. கலை வரலாறு அந்தக் குழுவைப் பற்றி நிறையப் பேசும், பேசவும் வேண்டும். அவர்களில் ஒருவரான எம்.எஃப். ஹுசைன் அதற்கு முன்னால் இந்த நகரத்துத் தெருக்களில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்தவர் என்பதையும் பெருமையாகச் சொல்லும். பேனரைவிட்டு வெளியேறியவருக்குக் கிடைத்த மரியாதை, அங்கேயே இருந்து அதைச் செம்மைப்படுத்தியவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ‘காலண்டர் ஓவியம்’ என்பதை ஒரு வசவாகவே வைத்திருக்கிறோம். யாராவது ஒரு படத்தை மட்டமாகச் சொல்ல வேண்டுமானால் “காலண்டர் மாதிரி இருக்கிறது” என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் கோபம் வருகிறது. தாராவியில் எங்கள் சந்தில் இருந்த ஒருவர்கூட ஓவியக் கண்காட்சிக்குப் போனதில்லை. ஆனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஓவியம் இருந்தது. அதைக் காலையில் எழுந்தவுடன் பார்த்தார்கள், பரீட்சைக்கு முன்னால் பார்த்தார்கள், பிணத்தை எடுத்துப் போனபோது திருப்பி வைத்தார்கள். ஓர் ஓவியத்தோடு ஒருவர் முப்பது வருடம் இப்படி வாழ்வது அருங்காட்சியகங்களில் நடக்காது.

பண்டிட் கடைசியில் பம்பாயைவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பினார். 1993-இல் காலமானார். கல்புர்கியில் அவர் பெயரில் ஒரு ரங்கமந்திர், அதாவது கலையரங்கம், இருக்கிறது. ஊர் அவரை மறக்கவில்லை என்பது நிம்மதி.

அவருடைய பெயரை நான் தெரிந்துகொண்டது மும்பையின் பழைய பொருள் சந்தையான சோர் பஜாரில். மட்டன் தெருவில் பழைய சினிமா போஸ்டர் விற்கும் கடைகளில் ஒன்றில், பழுப்பேறிய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு நீலம் கண்ணில் பட்டது. வேறு படம், வேறு கதை, ஆனால் அதே நிலவு. கீழே மூலையில் தெளிவான கையெழுத்து: எஸ்.எம். பண்டிட். கடைக்காரரிடம் விசாரித்தேன். மராத்தி கலந்த இந்தியில் அவர் அரைமணி நேரம் பேசினார். பண்டிட்டின் பெயரைச் சொல்லும்போது மட்டும் மறக்காமல் ‘சாஹேப்’ என்று சேர்த்துக்கொண்டார். தன் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பது பண்டிட்டுக்குத் தெரிந்திருந்தது. சினிமா விளம்பரத்தில் வளர்ந்தவர் அல்லவா.

கொண்டையராஜுவின் பெயர் எனக்கு வந்த வழி வேறு. எங்கள் லட்சுமி படத்தில் கையெழுத்தே கிடையாது. கண்ணாடி போட்டவர் கடை விளம்பரத்தோடு கீழ்ப்பட்டையையும் வெட்டிவிட்டார் என்றே நினைத்திருந்தோம். ஒருமுறை ஊருக்குப் போனபோது, யானை எப்படி நிற்கிறது, தாமரை எப்படி விரிந்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். வயதான உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அது ராஜு ஐயா படம் அல்லவா” என்றார். பார்க்காமலே சொன்னார். பிறகு என்னைச் செண்பகவல்லி அம்மன் கோவில் பக்கமாக அழைத்துப் போனார். அந்தத் தெருக்களில் அவரைப் பார்த்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஓவியர் என்று யாரும் சொல்லவில்லை. ‘ஐயா’ என்றே சொன்னார்கள்.

போன வருடம் தாராவி வீட்டைக் காலி செய்தோம். மழையில் ஊறி ஊறி லட்சுமியின் சட்டம் பின்பக்கம் இற்றுப்போயிருந்தது. தொண்ணூறு அடி சாலையில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, பின் அட்டையைத் தூக்கினார். கரப்பான் முட்டையும் தூசியும் கொட்டின. படத்தை மெதுவாக உருவி மேசைமேல் வைத்துவிட்டு, “இங்கே பாருங்கள் தம்பி, கீழே மடித்துவிட்டிருக்கிறார்கள்” என்றார்.

வெட்டவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடிக்காரர், கையில் இருந்த சட்டத்துக்கு அடங்குவதற்காகக் கீழ்ப்பட்டையைப் பின்னால் மடித்து வைத்திருந்தார். ஐம்பது வருடமாக வெளிச்சம் படாத அந்த ஓர் அங்குலத்தில் சிவப்பு நேற்று அடித்தது போல இருந்தது. அதன்மேல் ஆங்கில எழுத்தில் சிறியதாக இரண்டு பெயர்கள். சி. கொண்டையராஜு. பக்கத்தில், அதே அளவில், டி.எஸ். சுப்பையா. குருவும் சீடரும் ஒரே வரியில். யார் முகம் போட்டார்கள், யார் யானை போட்டார்கள், யார் அந்த மூக்குத்திக் கல்லில் வெள்ளைப் புள்ளி வைத்தார்கள் என்று பிரித்துச் சொல்லாமல்.

அண்ணாச்சி அளவுகோலை வைத்துப் பார்த்தார். பழைய மடிப்பிலேயே மடித்துவிட்டால் கைவசம் இருக்கும் கண்ணாடியில் முடித்துவிடலாம் என்றார். வேண்டாம், முழுவதும் தெரிகிற மாதிரி போடுங்கள் என்றேன்.

“கண்ணாடி புதிதாக அறுக்க வேண்டியிருக்கும். சட்டமும் பெரிதாகும், இருநூறு ரூபாய் கூட வரும்.”

“வரட்டும் அண்ணாச்சி.”

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பெயர்களுக்குக் கீழே அரை விரல் இடம்விட்டுக் கோடு போட்டார்.